மூளை ஸ்கேன் எடுத்தால் தம்பி குடிக்கு அடிமையாவானா என்று தெரியுமா?

பெங்களூரில் ஐ.டி. வேலை, டென்ஷன், வெள்ளிக்கிழமையானால் பாட்டில். ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதில் தெரியாது. ஆனாலும் கேள்வியில் விஷயம் இருக்கிறது.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் மாணவர்களை, மூளையின் எந்தப் பகுதி எப்போது சுறுசுறுப்பாகிறது என்று காட்டும் எஃப்எம்ஆர்ஐ ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்துப் பார்த்தார்கள். காசு வைத்துச் சீட்டு ஊகிக்கும் விளையாட்டில், ஆசையைக் கிளப்பும் மூளைப் பகுதியான வென்ட்ரல் ஸ்ட்ரையாட்டம் எவ்வளவு துடிக்கிறது, கோப முகம், பயந்த முகம் காட்டினால் ஆபத்தை மோப்பம் பிடிக்கும் பகுதியான அமிக்டலா எவ்வளவு துடிக்கிறது என்று அளந்தார்கள். 2012-இல் வெளியான முடிவு: ஆசைப் பகுதி அதிகமாகவும் பயப் பகுதி குறைவாகவும் துடிப்பவர்கள், மன அழுத்தம் வரும்போது அளவுமீறிக் குடித்தார்கள். கொஞ்சம் பயம் இருப்பது காப்புதான் போல! 2016-இல் இன்னும் பெரிய குழுவில் இதற்கு நேர்மாறான ஜோடியும் சிக்கியது: ஆசை குறைவு, பயம் அதிகம். முதல் வகை முன்பின் யோசிக்காத குடி, இரண்டாவது பதற்றத்தை அமுக்கக் குடிப்பது என்பது அவர்களின் விளக்கம்.

இதெல்லாம் கும்பலின் சராசரி. ஒரே ஆளை இரண்டு முறை ஸ்கேன் செய்தாலே இந்த அளவுகள் சரியாக ஒத்துப்போவதில்லை. உலக சுகாதார அமைப்பின் ஆடிட் என்ற, குடிப்பழக்கம் பற்றிய 10 கேள்விப் படிவம், காசில்லாமல் இதைவிட உருப்படியாகச் சொல்லும். மதிப்பெண் 8-ஐத் தொட்டால், பெங்களூர் ஓசூர் ரோட்டில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் போதை மருத்துவத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. தம்பியைக் கூட்டிக்கொண்டு போங்கள்.