டெல்லி கணேஷ்: கேட்கத் தெரிந்த நடிகர் (கேள்வி பதில்)

சபா நாடகங்களில் பக்கத் திரைக்குப் பின்னால் நின்று, வசனம் மறந்தவர்களுக்கு அடியெடுத்துக் கொடுக்கும் வேலையைப் பல ஆண்டுகள் செய்தவன் நான். அந்த ஒரு தகுதியை நம்பி, டெல்லி கணேஷைப் பற்றி வந்த கேள்விகளை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். அவரோடு நெருங்கிப் பழகியவன் அல்லன். பார்வையாளனாகக் கண்டதையும், மேடைப் பழக்கத்தால் எனக்குப் புரிந்ததையும் எழுதுகிறேன்.

கேள்வி (கோவையிலிருந்து ஒரு பேராசிரியை): குணச்சித்திர நடிகர், துணை நடிகர் என்ற இரண்டு சொற்களும் ஒன்றுதானா?

பதில்: பேச்சுவழக்கில் ஒன்றாகப் புழங்கினாலும் தொழிலில் அப்படி இல்லை. கோடம்பாக்கத்தில் துணை நடிகர் என்றால் பெரும்பாலும் கூட்டக் காட்சியில் நிற்பவர், கல்யாணப் பந்தியில் இலைமுன் உட்கார்ந்திருப்பவர் என்றுதான் பொருள். குணச்சித்திர நடிகருக்குக் கதையில் ஒரு பெயரும், ஒரு தொழிலும், தனக்கென்று ஒரு சுபாவமும் உண்டு. கதாநாயகன் அந்த இடத்தில் இல்லாவிட்டாலும் அந்த ஆள் அங்கே வாழ்ந்துகொண்டிருப்பார் என்று நாம் நம்ப வேண்டும். டெல்லி கணேஷ் நடித்த 400-க்கும் மேற்பட்ட படங்களில் சமையற்காரர், மிருதங்க வித்வான், ரிக்‌ஷாக்காரர், செயலாளர், மருத்துவர் எனப் பலரைப் பார்க்கிறோம். படத்தின் கதை மறந்துபோன பிறகும் இவர்களில் சிலர் நம் நினைவில் தங்கியிருப்பது அந்த நம்பிக்கையால்தான்.

கேள்வி (திருநெல்வேலி வாசகர்): எங்கள் பக்கத்து வல்லநாட்டுக்காரர் டெல்லிக்காரர் ஆனது எப்படி? விமானப்படையில் இருந்தார் என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மை. 1944 ஆகஸ்ட் 1 அன்று வல்லநாட்டில் பிறந்த கணேசன், 1964 முதல் 1974 வரை பத்தாண்டுகள் இந்திய விமானப்படையில் பணியாற்றினார். அக்காலத்து டெல்லியில், கரோல் பாக் போன்ற பகுதிகளில், அரசு வேலைக்காக வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருந்தன. மாலையில் அலுவலகம் முடிந்ததும் ஒத்திகை, விடுமுறை நாளில் நாடகம் என்று வாழ்ந்தவர்கள் அவர்களில் பலர். தக்ஷிண பாரத நாடக சபா என்ற டெல்லிக் குழுவில்தான் கணேசனும் நடித்துப் பழகினார். அந்த மாதிரிக் குழுக்களில் நடிப்புக்குச் சம்பளம் கிடையாது. பார்க்க வருகிறவர்களோ பக்கத்துத் தெருக்காரர்களும் உடன் வேலை செய்பவர்களும். தெரிந்த மனிதர்கள் முன்னால் வேறொருவராக மாறிக் காட்டுவது, முன்பின் அறியாதவர்கள் முன்னால் நடிப்பதைவிடக் கடினம் என்பது என் கருத்து.

பெயரைப் பொறுத்தவரை, அது இயக்குநர் கே. பாலசந்தர் வைத்தது. ஊரும் பேரும் சேர்ந்து நாக்கில் நிற்கும்படி அமைந்துவிட்டதால் வல்லநாடு பின்னுக்குப் போய்விட்டது.

கேள்வி (மயிலாப்பூரிலிருந்து): நாடக மேடையிலிருந்து அவர் சினிமாவுக்கு வந்த வழியைச் சற்று விரிவாகச் சொல்ல முடியுமா?

பதில்: சென்னையில் அவருக்கு இடம் கொடுத்தது காத்தாடி ராமமூர்த்தியின் குழு. அன்றைய சபா நாடகங்களுக்கு எழுதிக்கொண்டிருந்தவர்களில் விசு முக்கியமானவர். அவருடைய ‘பட்டினப் பிரவேசம்’ நாடகத்தைப் பாலசந்தர் 1977-இல் படமாக்கியபோது டெல்லி கணேஷின் திரை வாழ்க்கை தொடங்கியது. அப்போது அவருக்கு வயது முப்பத்து மூன்று. கதாநாயகனாக வேண்டும் என்று ஏங்கிக்கொண்டு வந்த வயது அல்ல. பத்து வருடச் சிப்பாய் வாழ்க்கையை முடித்துவிட்டு வந்த வயது.

சபா மேடை அவருக்கு என்ன கற்றுக்கொடுத்தது என்று கேட்டால், நான் நின்ற இடத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன். விசு பாணிக் குடும்ப நாடகத்தில் ஒரே கூடத்தில் ஏழெட்டுப் பேர் நிற்பார்கள். பேசுகிறவர் ஒருவர்தான், மற்றவர்கள் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். கற்றுக்குட்டி நடிகர் தன் முறை வரும் வரை அடுத்த வசனத்தை மனத்துக்குள் உருப்போட்டுக்கொண்டிருப்பார். அவருடைய கண் அசையாமல் நிற்பதை வைத்தே, எந்த வரியில் அவருக்கு எடுத்துக்கொடுக்க வேண்டியிருக்கும் என்று என்னால் முன்கூட்டியே சொல்லிவிட முடியும். தேர்ந்த நடிகரோ எதிராளி பேசும் செய்தியை அன்றைக்குத்தான் முதல்முறை கேட்பவர்போலக் கேட்பார். இன்னொன்றும் உண்டு. அரங்கில் சிரிப்பு எழுந்தால் அது அடங்கும் வரை அடுத்த வசனத்தைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். அந்தச் சில நொடிகளில் சும்மா நிற்கவும் கூடாது, புதிதாக எதையாவது செய்து அடுத்தவருடைய சிரிப்பைத் திருடவும் கூடாது. டெல்லி கணேஷின் திரை நடிப்பில் நான் காண்பதெல்லாம் இந்த இரண்டு பழக்கங்களும் கனிந்து வந்ததைத்தான்.

கேள்வி (வடசென்னை வாசகர்): ‘பசி’ படத்தில் அவர் பேசும் மெட்ராஸ் பாஷை எங்களுக்கே இயல்பாக இருந்தது. நெல்லைக்காரர் எப்படிச் சாதித்தார்?

பதில்: துரை இயக்கிய ‘பசி’ 1979-இல் வந்தது. அதில் ஷோபாவின் தந்தையாக, முனியாண்டி என்ற ரிக்‌ஷாக்காரராக அவர் வந்தார்; ஷோபாவுக்கு அந்தப் படத்துக்காகத் தேசிய விருதும், இவருக்குத் தமிழக அரசின் சிறப்புப் பரிசும் கிடைத்தன.

பேச்சு வழக்கைப் பிடிப்பதில் பலரும் சொற்களோடு நின்றுவிடுகிறார்கள். ‘இன்னாபா’, ‘குந்து’, ‘கஸ்மாலம்’ என்று நாலு சொல்லைத் தூவிவிட்டால் மெட்ராஸ் பாஷை வந்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. வாக்கியம் எங்கே இறங்குகிறது, எந்த அசையை இழுக்கிறார்கள், கோபத்தில் எந்த எழுத்து மறைந்துபோகிறது என்பதில்தான் வழக்கு இருக்கிறது. ரிக்‌ஷாக்காரரின் பேச்சைப் பேசிய அதே வாய், 1990-இல் ‘மைக்கேல் மதன காமராஜன்’ படத்தில் பாலக்காட்டு மணி ஐயராகப் பேசியதைப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். ஒன்றில் வாக்கியம் தரையில் இடித்து நிற்கும். மற்றதில் ஊஞ்சலில் போய் வரும். விதவிதமான மனிதர்களின் பேச்சு காதில் விழும் விமானப்படை வாழ்க்கை இதற்கு உதவியிருக்கும் என்பது என் ஊகம், ஊகம் மட்டுமே.

கேள்வி: அவர் கதாநாயகனாக நடித்ததே இல்லையா?

பதில்: ‘எங்கம்மா மகாராணி’ (1981) என்ற படத்தில் நடித்தார். அந்த வழி நீளவில்லை. நமக்கு அதில் இழப்பு எதுவும் இல்லை.

கேள்வி (மதுரையிலிருந்து ஒரு மாணவர்): எனக்குத் தெரிந்து அவர் எப்போதும் அப்பா வேடத்தில்தான் வருகிறார். இளமையில் என்ன செய்தார்?

பதில்: இளமையிலும் அப்பாவாகத்தான் இருந்தார்! ‘பசி’யில் பருவப் பெண்ணுக்குத் தந்தையானபோது அவருக்கு முப்பத்தைந்து. மணி ஐயராகக் கமல்ஹாசனை வளர்த்த தந்தையாக வந்தபோது நாற்பத்தாறு. இருவருக்கும் உண்மையில் பத்து வயதுதான் வித்தியாசம். நரை வைத்துக்கொண்டால் மட்டும் வயது வந்துவிடாது. மணி ஐயர் உட்கார்ந்து எழுவதையும், மேல் துண்டைத் தோளில் சரிசெய்துகொள்வதையும் பாருங்கள். முதுமை அங்கேதான் இருக்கிறது.

கேள்வி (பெங்களூரு வாசகி): உங்களுக்குப் பிடித்த ஒரு காட்சியைச் சொல்லி, அதில் அவர் என்ன செய்கிறார் என்று விளக்குவீர்களா?

பதில்: ஒன்று கேட்டீர்கள், இரண்டு சொல்கிறேன்.

முதலாவது, மணி ஐயர் சம்பந்தப்பட்ட மீன் விவகாரம். கல்யாணச் சமையலில் சாம்பாரில் மீன் விழுந்துவிடுகிறது. சமைப்பவர்கள் ஆசாரமான பிராமணர்கள், பந்தியில் இருப்பவர்கள் சைவச் சாப்பாட்டுக்கு வந்தவர்கள். கிரேசி மோகனின் வசனம் சொல்லுக்குச் சொல் சிலேடையில் தாவிக்கொண்டிருக்கும். அதைப் பேசுகிறவர் தானும் ரசித்துச் சிரித்துவிட்டால் காட்சி செத்துவிடும். மணி ஐயருக்கு அது சிரிப்பே அல்ல, தொழில் போய்விடும் என்ற கிலி. அந்தக் கிலியை டெல்லி கணேஷ் கடைசிவரை கைவிடவில்லை. கமல்ஹாசனின் காமேஸ்வரன் பதறப் பதற, இவர் பதற்றத்தை வெளியே காட்டாமல் விழுங்கப் பார்க்கிறார். விழுங்க முடியாததுதான் முகத்தில் தெரிகிறது. இத்தனை முறை பார்த்த பிறகும் எனக்கு அந்த முகத்தில்தான் சிரிப்பு வருகிறது.

இரண்டாவது, பாலசந்தரின் ‘சிந்து பைரவி’ (1985). மிருதங்கக் கலைஞர் குருமூர்த்தி குடித்துவிட்டுக் கச்சேரிக்கு வந்துவிடுகிறார். சிவகுமார் நடித்த பாடகர் ஜே.கே.பி. அதைத் தெரிந்துகொண்டு அவரை விலக்கிவிட்டு, மிருதங்கம் இல்லாமலேயே கச்சேரி செய்கிறார். பின்னால் அதே ஜே.கே.பி. குடியில் விழப்போகிறார் என்பது கதை. ஆகவே குருமூர்த்தி முன்கூட்டியே வைக்கப்பட்ட கண்ணாடி. அந்த வேடத்தை வெறும் குடிகாரக் கோமாளியாகச் செய்திருந்தால் பிற்பகுதியின் கனம் பாதியாகக் குறைந்திருக்கும். விரல்களில் வித்தை இருக்கிறது, உட்கார இடம் இல்லை என்ற அவமானத்தை அவர் காட்டியதால்தான் பிறகு வித்வானே தள்ளாடும்போது நமக்கு இவருடைய நினைவு வருகிறது.

கேள்வி: நகைச்சுவையா, வில்லத்தனமா, எது அவருக்குப் பொருந்தியது?

பதில்: ‘அபூர்வ சகோதரர்கள்’ (1989) படத்தின் நான்கு வில்லன்களில் ஒருவரான பிரான்சிஸ் அன்பரசு அவர்தான், ‘அவ்வை சண்முகி’யில் (1996) முதலாளிக்குச் செயலாளராக இருந்துகொண்டே உள்குத்து வேலை பார்க்கும் சேதுராம ஐயர், ‘தெனாலி’யில் (2000) சக மருத்துவர்மேல் பொறாமை கொண்ட பஞ்சபூதம். மூவரிடமும் நான் காண்பது சிறுமை. பெரிய கொடூரம் அவருக்கு அவ்வளவாகப் பொருந்தாது. அலுவலகத்தில் நம் பதவி உயர்வைக் கண்டு வயிறெரியும் மனிதரை அவரைப் போல் காட்டியவர்கள் குறைவு.

கேள்வி (சிங்கப்பூர் வாசகி): தொலைக்காட்சித் தொடர்களில் அவரைப் பார்த்து வளர்ந்தவள் நான். மேடை நடிகருக்குத் தொடர் எப்படிப்பட்ட களம்?

பதில்: நாடகத்தில் ஒரே வசனத்தை நூறு முறை பேசுவோம், தொடரில் நூறு நாள்களுக்கு நூறு வசனம், ஒவ்வொன்றையும் ஒரே முறை. பல தொடர்களில் அன்றைய காட்சி அன்று காலைதான் கைக்கு வரும். கேமராவுக்குப் பக்கத்தில் நின்று உதவி இயக்குநர் வரி வரியாக எடுத்துக்கொடுக்க, நடிகர் அதைக் கேட்டுக்கொண்டே பேசுவார். (என் தொழிலுக்கு அங்கே நிரந்தர வேலை!) அந்த அவசரத்தில் தேர்ந்த நடிகர்கள்கூட ஒப்பிக்கத் தொடங்கிவிடுவதைக் கண்டிருக்கிறேன்.

ஆனால் தொடர் இன்னொரு வாய்ப்பையும் தருகிறது. ஒருவர் அதிர்ச்சியான செய்தி சொன்னால், கூடத்திலிருக்கும் ஒவ்வொரு முகத்தையும் கேமரா தனித்தனியாகக் காட்டும். கேட்கத் தெரியாத முகம் அங்கே அகப்பட்டுக்கொள்ளும். 1990-களின் நடுப்பகுதியில் நாகா இயக்கத்தில் இந்திரா சௌந்தர்ராஜன் எழுதிய ‘மர்மதேசம்’ தொடரில் டெல்லி கணேஷ் நடித்தார். மர்மக் கதையில் எல்லோரும் எதையோ ஒளித்து வைத்திருப்பவர்களாகத் தெரிய வேண்டும். வசனம் இல்லாத நேரத்தில்தான் அது தெரியும். பிற்காலத்தில் இளைஞர்கள் இணையத்துக்காக எடுத்த ஒரு கேலிப் படத்தில், சென்னையில் வாழும் பேட்மேனின் வீட்டுப் பணியாளர் ஆல்ஃபிரட்டாகவும் அவர் வந்தார். அதையும் அதே சிரத்தையோடு செய்திருக்கிறார்.

கேள்வி: பிற நடிகர்களுக்குக் குரல் கொடுத்தாரா?

பதில்: கொடுத்தார். பாலசந்தரின் ‘47 நாட்கள்’ (1981) படத்தில் சிரஞ்சீவிக்கு ஒலிப்பது இவருடைய குரல். மணி ஐயரின் குரலை நினைத்துக்கொண்டு அந்தப் படத்தைப் பார்த்தால் நம்பச் சற்று நேரமாகும்.

கேள்வி (ஸ்ரீரங்கத்திலிருந்து): பூர்ணம் விஸ்வநாதனும் டெல்லியிலிருந்து வந்த நாடகக்காரர்தானே? இருவரையும் ஒப்பிடலாமா?

பதில்: ஒப்பிடலாம், சிறிய அளவில். பூர்ணம் அகில இந்திய வானொலியின் டெல்லி நிலையத்தில் தமிழ்ச் செய்தி வாசித்தவர். நாடு விடுதலை பெற்ற செய்தியைத் தமிழில் வாசித்த பெருமை அவருக்கு உண்டு. பிறகு சுஜாதாவின் நாடகங்களை மேடையேற்றிப் புகழ் பெற்றார். இருவருக்கும் மாதச் சம்பளம் இன்னொரு இடத்தில் இருந்தது, மாலை நேரம் மேடைக்கு இருந்தது. வேறுபாடு குரலில். பூர்ணம் பேசினால் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக நிற்கும், வானொலிப் பழக்கம். டெல்லி கணேஷ் பேசினால் சொற்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு வரும், தெருப் பழக்கம். கண்டிப்பான தந்தைக்குப் பூர்ணத்தையும், பணிந்துபோய்ப் பழகிய தந்தைக்கு இவரையும் நான் தேர்ந்தெடுப்பேன்.

கேள்வி: தகுதிக்கேற்ற விருதுகள் கிடைத்தனவா? கடைசிக் காலம் எப்படி அமைந்தது?

பதில்: ‘பசி’க்கான பரிசைச் சொன்னேன். 1994-இல் கலைமாமணி கிடைத்தது. ‘சிந்து பைரவி’க்காகவாவது பெரிய விருது ஒன்று வந்திருக்க வேண்டும் என்பது என் மனக்குறை. மகனைக் கதாநாயகனாக்கி ‘என்னுள் ஆயிரம்’ (2016) என்ற படத்தைத் தயாரித்தார். 2024 நவம்பர் 9 இரவு, சென்னை இராமாபுரம் வீட்டில், எண்பதாவது வயதில் காலமானார். இறுதி அஞ்சலியில் விமானப்படையினர் வந்து தங்கள் கொடியைப் போர்த்தி மரியாதை செய்தார்கள். பணியிலிருந்து விலகி ஐம்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

கேள்வி (நாடகக் குழு ஒன்றில் புதிதாகச் சேர்ந்த இளைஞர்): ஐயா, அவரிடமிருந்து கற்க எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: தம்பி, ‘நாயகன்’ (1987) படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வேலு நாயக்கரின் கூட்டாளி ஐயராக அவர் வருகிறார். பல காட்சிகளில் வசனம் அதிகம் இல்லை, பக்கத்தில் நிற்கிறார். முதல் முறை படத்தைப் படமாகவே பார்த்துவிடுங்கள். இரண்டாம் முறை, வேலு நாயக்கர் பேசும்போது அவரைப் பார்க்காமல் ஐயரை மட்டும் பாருங்கள். கண் தானாக நாயக்கரிடம் ஓடும். இழுத்துப் பிடித்து ஐயரிடமே வையுங்கள். எந்தச் சொல்லுக்கு அவருடைய முகம் மாறுகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு, அடுத்த ஒத்திகைக்கு அந்தத் தாளைக் கையோடு எடுத்துப் போங்கள்.