வீட்டில் பொரிக்கும் முறுக்கைப் பக்கெட் போட்டு விற்க, ஊட்டச்சத்து அட்டவணையை நாமே கணக்குப் போட்டு எழுதலாமா, லேபில் (ஆய்வுகூடத்தில்) கொடுத்துச் சோதிக்க வேண்டுமா?

லேபில் கொடுங்கள். பொரித்த பண்டத்துக்கு வீட்டுக் கணக்கு சரிவராது.

நானும் மாமியும் வெள்ளவத்தையில் முறுக்குச் செய்து கடைகளுக்குக் கொடுக்கிறோம். முதல் லேபலுக்கு அரிசி மா, உளுத்தம் மா, எள்ளு எல்லாவற்றையும் நிறுத்து, ஒவ்வொன்றின் சத்தையும் பார்த்துக் கூட்டினேன். எண்ணெயில்தான் மாட்டிக்கொண்டேன். தாச்சியில் ஊற்றியது தெரியும், மிஞ்சியது தெரியும். ஆனால் குறைந்ததெல்லாம் முறுக்குக்குள் போய்விடவில்லை. கரண்டியிலும் பேப்பரிலும் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. பிசைந்த மாவில் இருந்த தண்ணீரும் ஆவியாகிப் போகிறது. மெல்லிசாகப் பிழிந்தால் எண்ணெய் கூடக் குடிக்கும். குத்துமதிப்பாக 100 கிராமுக்குக் கொழுப்பு 16 கிராம் என்று போட்டேன். பிறகு லேபில் கொடுத்தபோது 27 என்று வந்தது.

அதற்குள் இரண்டு மாதம் விற்றிருந்தோம். பிரஷர் உள்ள ஒரு பெரியவர் கண்ணாடியைப் போட்டு லேபலைப் படித்துவிட்டுத்தான் எங்கள் பக்கெட்டை எடுப்பார். அறிக்கையைப் பார்த்ததும் அவர் முகம்தான் ஞாபகம் வந்தது. மிச்ச லேபல்களை அன்றே கிழித்துப் போட்டோம்.

இங்கே இலங்கையில், அளவு கூடவா குறைவா என்று பக்கெட்டில் நிறத்தால் காட்டும் நிறக் குறியீடும் இருக்கிறது. 2016இல் குளிர்பானங்களின் சீனிக்கு வந்தது, பிறகு திண்ம உணவுகளின் சீனி, உப்பு, கொழுப்புக்கும் வந்தது. கொழுப்பு 100 கிராமில் 17.5 கிராமைத் தாண்டினால் சிவப்பு. என் கணக்கில் மஞ்சள், உண்மையில் சிவப்பு!

லேபில் ஈரம், சாம்பல் (எரித்தபின் மிஞ்சும் தாதுக்கள்), புரதம், கொழுப்பு எல்லாம் அளப்பார்கள். காபோவைதரேற்று பெரும்பாலும் 100 கிராமிலிருந்து இவற்றைக் கழித்து எடுப்பதுதான். கலோரிக்குப் புரதமும் காபோவைதரேற்றும் கிராமுக்கு 4, கொழுப்பு 9. அதனால் கொழுப்பு பிழைத்தால் கலோரியும் பிழை. சோடியத்தை மறக்காமல் கேட்டு எழுதிக் கொடுங்கள். அதை 2.5ஆல் பெருக்கினால் உப்பு: 600 மில்லிகிராம் சோடியம் என்றால் 1.5 கிராம் உப்பு.

கொழும்பு பௌத்தாலோக மாவத்தையில் ஐ.டி.ஐ. என்று எல்லோரும் சொல்லும் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனத்தில் விசாரிக்கலாம். தனியார் லேப் என்றால், நீங்கள் கேட்கும் அந்தச் சோதனைக்கே அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

ஒருநாள் பொரித்ததை மட்டும் கொண்டுபோகாதீர்கள். நாலைந்து நாள் பொரித்ததில் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து, காற்றுப் போகாமல் அடைத்துக் கொடுங்கள். அப்புறம், எண்ணெயையோ உரல் அச்சையோ மாற்றினால் திரும்பவும் சோதிக்க வேண்டும். போன தீபாவளிக்கு நாங்கள் அச்சு மாற்றியபோது கொழுப்பை மட்டும் மறுபடி அளந்துதான் லேபல் அடித்தோம்.