குப்பைக் கோழி - கடிதம்

அன்புள்ள ஐயா,

அரசுப் பள்ளியில் ஏழாம், எட்டாம் வகுப்புகளுக்குத் தமிழ் எடுக்கிறேன். உவமை, உவமேயம், உவம உருபு என்று பிரிக்கச் சொன்னால் பிள்ளைகள் டக்கென்று எழுதிவிடுகிறார்கள். ‘இந்த வரியில் உனக்கு என்ன தெரிகிறது?’ என்று கேட்டால் முழிக்கிறார்கள். படிமம் என்றால் ‘சொல்லால் வரைந்த ஓவியம்’ என்று கரும்பலகையில் எழுதிப் போட்டேன். அதையும் மனப்பாடம் செய்து ஒப்பித்துவிட்டார்கள். நான் எங்கே தவறுகிறேன்?

ஒரு தமிழாசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

கடைசிக்கு முந்தைய வரியில் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். பிள்ளைகள் மேல் தப்பில்லை. ‘போல’ எங்கே இருக்கிறது என்று தேடி, அதற்கு முன்னால் ஒரு பெயர், பின்னால் ஒரு பெயர் எழுதினால் மதிப்பெண் வந்துவிடுகிறது. அதற்குப் பாட்டைப் பார்க்கவே வேண்டாம்.

உவமேயத்தைக் கொஞ்ச நேரம் மறைத்து வையுங்கள். எனக்குத் தெரிந்த வழி இதுதான்.

ஒருமுறை ஒரு பள்ளியில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். குறுந்தொகையின் 305ஆம் பாட்டிலிருந்து ‘குப்பைக் கோழித் தனிப்போர்’ என்பதை மட்டும் பலகையில் எழுதினேன். காதல், தலைவி எதையும் சொல்லவில்லை. என்ன நடக்கிறது என்று கேட்டேன். ரெண்டு சேவல் கொத்திக்கொள்கிறது என்றார்கள். யார் மோத விட்டது? யாருமில்லை. அப்போது பின்வரிசைப் பையன் ஒருவன் எழுந்தான். அவன் மாமா சேவல் வளர்க்கிறவராம். “சேவக்கட்டுல விட்டா பிடிச்சு விடவும் பிரிச்சு எடுக்கவும் ஆள் இருக்கும் சார். குப்பைமேட்டுல அதுங்களா ஓய்ஞ்சாத்தான் உண்டு” என்றான்.

அதற்கப்புறம்தான் அடுத்த வரியை வாசித்தேன்: ‘விளிவாங்கு விளியின் அல்லது களைவோர் இலை’. தானாக முடிந்தால் முடியும், நீக்கிவிட ஆளில்லை. பையன் பாட்டைக் கேட்கும் முன்பே அதன் பொருளைச் சொல்லியிருந்தான். இதைத் தன் காதல் நோயைப் பற்றி ஒரு பெண் சொல்கிறாள் என்றேன். “பாவம்” என்றது ஒரு குரல். படிமம் என்ற சொல்லை அன்று நான் எடுக்கவே இல்லை.

இந்தப் பாட்டை எழுதியவர் பெயர் குப்பைக் கோழியார் என்று சொன்னதும் வகுப்பே சிரித்தது. இயற்பெயர் தெரியாமல் போய், பாட்டில் வந்த காட்சியே பெயராக நின்றுவிட்டது. செம்புலப் பெயனீரார், அணிலாடு முன்றிலார், தேய்புரிப் பழங்கயிற்றினார் எல்லாம் அப்படித்தான். பட்டப்பெயர் வைப்பதில் பிள்ளைகளை மிஞ்ச ஆளில்லை. அவர்கள் எழுதும் கட்டுரையிலிருந்து ஒரு காட்சியை எடுத்து, எழுதியவருக்கே பெயராக வைக்கச் சொல்லிப் பாருங்கள்.

உங்கள் ‘ஓவியம்’ பற்றியும் ஒரு சின்னச் சண்டை உண்டு. குறுந்தொகை 58இல் வெள்ளிவீதியார் காட்டுவதை எடுத்துக்கொள்ளுங்கள். வெயில் காயும் பாறையில் வெண்ணெய். காவலுக்கு, கையும் இல்லாத, பேசவும் முடியாத ஒருவர். கண்ணால் மட்டுமே காக்க முடியும். இதை வரையச் சொன்னால் பாறை வரும், வெண்ணெய் வரும், ஆள் வருவார். சூடு வராது. ஒவ்வொரு நொடியும் அது உருகிக்கொண்டிருப்பது வராது. ‘பரந்தன்று இந்நோய்’, இந்தக் காதல் நோய் பரவிவிட்டது என்கிறது பாட்டு. வெண்ணெயும் அப்படித்தானே பரவும்? ஆகவே ‘பாறையைத் தொட்டால் எப்படி இருக்கும்? இன்னும் எவ்வளவு நேரம் தாங்கும்? அவர் ஏன் யாரையும் கூப்பிடவில்லை?’ என்று கேளுங்கள். வரைவதெல்லாம் பிறகு.

தொல்காப்பியர் உவமம் தோன்றும் வழிகளை வினை, பயன், மெய், உரு என்று நான்காகச் சொல்கிறார். வடிவையும் நிறத்தையும் குறிக்கும் மெய்யும் உருவும் கடைசியில்தான் வருகின்றன. நாமோ நிலா முகம், பவள வாய் என்று அந்த இரண்டிலேயே நின்றுவிடுகிறோம். உள்ளுறை, இறைச்சி என்று பொருளை மறைத்துச் சொல்லும் உத்திகள் எல்லாம் இப்போதைக்கு வேண்டாம், கல்லூரியில் பார்த்துக்கொள்வார்கள்.

தேர்வுக்கு உவம உருபு வேண்டும்தான். அதைக் கடைசிப் பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம்.

அடுத்து குறுந்தொகை 131ஐ எடுங்கள். ஈரம் பட்ட நிலம், ஒரே ஏர் வைத்திருக்கும் உழவன், அவன் பதற்றம். உழவு பார்க்கும் வீட்டுப் பிள்ளை யாராவது இருந்தால், ஈரம் எத்தனை நாள் நிற்கும் என்று முதலில் கேளுங்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.