ஜூனியர்களுக்குப் பாடம் சொல்லித்தர மூத்த மாணவர்களை எப்படித் தயார்படுத்துவது?

கேள்வி: எங்கள் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு மாணவர்களை வைத்து முதலாண்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரப் போகிறோம். அவர்களுக்கு என்ன பயிற்சி கொடுக்கலாம்?

மும்பையில் ஒரு காமர்ஸ் கல்லூரியில் அக்கவுண்ட்ஸ் எடுக்கிறேன். சில வருஷமாக இந்த ஏற்பாடும் என் பொறுப்புதான். பயிற்சியில் பாதி, சொல்லிக்கொடுப்பவர்களை வாயைக் கட்டிக்கொண்டு உட்காரப் பழக்குவது. பாடம் அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

பாடம் தெரிந்த பையன் எதிரே ஒருத்தன் தடுமாறினால் பொறுக்க மாட்டான், பேனாவைப் பிடுங்கித் தானே போட்டுக் காட்டிவிடுவான். ஜூனியரும் ‘தேங்க்ஸ் அண்ணா’ என்று கிளம்பிவிடுவான். இரண்டு பேருக்கும் பரம திருப்தி. பரீட்சையில் அதே கணக்கு வந்தால் அவனுக்குக் கை ஓடாது. அதனால் எங்களிடம் முதல் விதி: பேனா ஜூனியர் கையை விட்டு நகரக்கூடாது.

ஒரு உதாரணம். பதினொரு மாத வாடகை 1,10,000 ரூபாய் கட்டியாகிவிட்டது, கடைசி மாத 10,000 பாக்கி. ஜூனியர் செலவில் 1,20,000 என்று சரியாகப் போடுகிறாள், ஆனால் பேலன்ஸ் ஷீட்டின் இரண்டு பக்கமும் சேராமல் 10,000 இடிக்கிறது. ‘லயபிலிட்டி (கடன்) பக்கம் போட மறந்துட்ட’ என்று சொன்னால் ஒரு நொடியில் முடிந்துவிடும். நாங்கள் பழக்குவது வேறு மாதிரி:

“எவ்வளவு இடிக்குது?”

“பத்தாயிரம் அக்கா.”

“கணக்குல பத்தாயிரம் எங்கெல்லாம் வருது?”

“வாடகை பாக்கியிலதான்.”

“அந்தக் காசு இப்ப யாருக்குச் சேரணும்?”

“ஹவுஸ் ஓனருக்கு... ஓ, அப்ப நாம அவருக்குக் கடன்பட்டிருக்கோமா!”

இதைப் பேசிப் புரியவைக்க முடியாது. மூன்று மூன்று பேராக உட்காரவைத்து நடித்துப் பார்க்கச் சொல்வேன். ஒருத்தர் சொல்லித்தருபவர், ஒருத்தர் ஜூனியர், மூன்றாமவர் வெறும் பார்வையாளர். ஜூனியராக நடிப்பவருக்கு எந்தத் தப்பைச் செய்ய வேண்டும் என்று தனியாகச் சீட்டு எழுதிக் கொடுத்துவிடுவேன். பார்வையாளர் குறிக்க வேண்டியது இரண்டே விஷயம்: பேனா யார் கையில் இருந்தது, கேள்வி கேட்டபின் எத்தனை நொடி காத்திருந்தார். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களிலேயே இதை அளந்து எழுதியிருக்கிறார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்களாம். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டினால் பதில்கள் நீளமாகின்றன, பதில் சொல்லாமல் விடுவதும் குறைகிறது. மூன்று நொடி என்ன பெரிய விஷயம் என்று தோன்றும், உட்கார்ந்து பார்த்தால்தான் அதன் நீளம் தெரியும்.

‘புரிஞ்சுதா?’ என்று கேட்பதற்கும் தடை. எல்லாரும் தலையை ஆட்டுவார்கள். அதற்குப் பதிலாக, ‘அடுத்த கணக்கை நீயே போடு, ஏன் அப்படிப் போடறேன்னும் சொல்லிக்கிட்டே போடு.’

ஆள் எடுப்பதில் என் கருத்து கொஞ்சம் மாறுபட்டது. முதல் ரேங்க் பையன்தான் வேண்டும் என்றில்லை. ஒரு முறை ஏடிகேடி (நம்ம ஊர் அரியர் மாதிரி) வாங்கி, அப்புறம் முட்டி மோதித் தேறியவர்களுக்கு எந்த இடத்தில் இடறும் என்பது நினைவிருக்கும். பாடத்தில் பழைய கேள்வித்தாள் வைத்துச் சோதித்துத்தான் எடுக்கிறேன், அதில் சலுகை கிடையாது.

மாணவரை வைத்து மாணவருக்குச் சொல்லித்தருவது நமக்குப் புதிதல்ல. திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை இருந்தார். சென்னை எழும்பூரில் அநாதைப் பள்ளி நடத்திய ஆண்ட்ரூ பெல், பையன்களைக் கொண்டே பாடம் நடத்திய தன் அனுபவத்தை 1797இல் புத்தகமாக்க, அது ‘மெட்ராஸ் முறை’ என்று இங்கிலாந்தில் பரவியது. ஆனால் அந்தக் காலத்து வேலை பெரும்பாலும் ஒப்பிக்கவைப்பது. இப்போது நமக்கு வேண்டியது அதுவல்ல.

1973இல் அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகத்துக் கான்சஸ் சிட்டி வளாகத்தில் டியானா மார்ட்டின் தொடங்கிய, மாணவரே மாணவருக்குச் சொல்லித்தரும் முறையிலிருந்து ஒன்றை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அங்கே ‘வீக் ஸ்டூடண்ட்’ என்று யாரையும் பொறுக்குவதில்லை, அதிகம் பேர் தவறும் பாடத்துக்கு வகுப்பு வைத்து, விரும்பியவர் வரலாம் என்று விடுகிறார்கள். நம் பிள்ளைகளுக்கு மானப் பிரச்சினைதான் முதல் தடை. நோட்டீஸ் போர்டில் பாடத்தின் பெயரை மட்டும் போடுங்கள்.

மொழி பற்றியும் பயிற்சியில் பேசியாக வேண்டும். தாராவியிலிருந்தும் சயானிலிருந்தும் வரும் எங்கள் தமிழ்ப் பிள்ளைகள் சிலர் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்துவிட்டு வருபவர்கள். தமிழிலோ இந்தியிலோ விளக்கட்டும், தடையில்லை. ஆனால் கடைசியில் அந்த விடையை ஜூனியர் தன் வாயால் ஆங்கிலத்தில் ஒரு முறை சொல்ல வேண்டும். விடைத்தாளில் எழுதப்போவது அதில்தானே.

எல்லைகளை முதல் நாளே எழுதிக் கொடுத்துவிடுங்கள். பிராஜெக்ட் எழுதித் தரக்கூடாது, ‘இம்பார்ட்டண்ட் கொஸ்டின்’ ஜோசியம் சொல்லக்கூடாது, ராத்திரி வாட்ஸ்அப்பில் பாடம் கிடையாது. தெரியாததைத் ‘தெரியல, கேட்டுட்டு வந்து சொல்றேன்’ என்று சொல்வதையும் நடிப்பிலேயே பழக்குங்கள், பலருக்கு அது வாயில் வராது. ஃபீஸ் கட்ட முடியவில்லை, வீட்டில் தகராறு என்று யாராவது அழுதால் கேட்டுக்கொள்ளலாம், தீர்த்துவைக்கப் போகக்கூடாது, பொறுப்பாசிரியரிடம் அழைத்து வர வேண்டும். அரசின் டெலி மனஸ் மனநல உதவி எண் 14416 எல்லாரிடமும் இருக்கட்டும்.

எவ்வளவு நேரம் என்றால், சிஆர்எல்ஏ என்ற அமெரிக்கச் சங்கம் இப்படிச் சொல்லித்தரும் மாணவர்களுக்கான முதல் நிலைச் சான்றிதழுக்குப் 10 மணி நேரப் பயிற்சியும் 25 மணி நேரம் சொல்லித்தந்த அனுபவமும் கேட்கிறது. அந்தப் பத்து மணி நேரத்தையும் முதல் வாரத்திலேயே கொட்டிவிடாதீர்கள். பாதியை முன்னால் வைத்துக்கொண்டு, மீதியை வாரம் ஒரு கூட்டமாகப் பிரியுங்கள். நிஜமான ஜூனியரிடம் மாட்டிக்கொண்டு முழித்தபின் வரும் கேள்விகள்தான் உருப்படியானவை.

அப்புறம், நிர்வாகத்திடம் பேசி அவர்களுக்கு ஒரு தொகையோ கிரெடிட்டோ வாங்கிக் கொடுங்கள். சேவை என்று சொல்லி இழுத்தால் பரீட்சை நெருங்கும்போது, அதாவது ஜூனியர்கள் வந்து குவியும் நேரத்தில், ஒருத்தரும் இருக்க மாட்டார்கள்.