மரபணு மாற்றுப் பயிர்: வளரும் நாடுகள் எதைப் பார்த்து முடிவெடுக்கின்றன?

மரபணு மாற்றுப் பயிர் என்ற ஒரே தொழில்நுட்பத்தை ஒரு வளரும் நாடு ஏற்க, இன்னொன்று மறுப்பது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். அறிவியல் அறியாமைதான் காரணம் என்று பலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. முதலில் பார்க்க வேண்டியது சந்தையை.

மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்க்கினா ஃபாசோவை எடுத்துக்கொள்வோம். 2008-இல் அங்கே பிடி பருத்தி, அதாவது புழுவைக் கொல்லும் பாக்டீரியா மரபணு சேர்த்த பருத்தி, வணிகச் சாகுபடிக்கு வந்தது. காய்ப்புழுத் தொல்லை குறைந்தது, விளைச்சலும் கூடியது. ஆனால் பஞ்சின் இழை நீளம் குறைந்துபோனது. நீண்ட இழைக்காகவே அந்நாட்டுப் பருத்திக்கு உலகச் சந்தையில் நல்ல விலை கிடைத்துவந்தது. நட்டம் தாங்காமல் பருத்தி நிறுவனங்களே 2016 வாக்கில் அதைக் கைவிட்டன.

2002-இல் உணவுப் பஞ்சத்தின் நடுவிலும் ஆப்பிரிக்க நாடான ஜாம்பியா, உதவியாக வந்த மரபணு மாற்று மக்காச்சோளத்தை மறுத்தது. உடல்நல அச்சம் மட்டுமல்ல. அந்த மணிகளை உழவர்கள் விதைத்துவிட்டால் மரபணு மாற்று உணவை ஏற்கத் தயங்கும் ஐரோப்பாவுக்கான ஏற்றுமதி என்னாகும் என்ற கவலையும் இருந்தது. அண்டை நாடான ஜிம்பாப்வே, முளைக்க முடியாதபடி மாவாக அரைத்துத் தரச் சொல்லி வாங்கிக்கொண்டது.

அடுத்தது, விதை யார் கையில் இருக்கிறது என்பது. இதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். பிடி கத்தரியை இந்தியா 2010-இல் நிறுத்திவைத்தது. வங்கதேசம் 2013-இல் அனுமதித்தது. அங்கே விதையை வழங்கியது அரசு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம். ஆண்டுதோறும் புது விதை வாங்க வேண்டிய வீரிய ஒட்டு ரகம் அல்லாததால், உழவர்கள் விதை எடுத்துவைத்து மறுபடியும் விதைக்கலாம்.

நெருக்கடியும் மனத்தை மாற்றும். மரபணு மாற்று உணவுக்கு 2012-இல் விதித்த இறக்குமதித் தடையைக் கென்யா கடும் வறட்சி நிலவிய 2022-இல் நீக்கியது. உடனே அந்த நீக்கத்தை எதிர்த்து வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது.