ஆட்டுக்குத் தண்ணீரைக் குறைத்துப் பழக்கலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். பேரையூர் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் மானாவாரி நிலம். 22 கன்னி இன ஆடுகளும் 40 ஒட்டு இலந்தை மரங்களும் இருக்கின்றன. போர் வற்றிப்போய், வண்டித் தண்ணீர் வாங்குகிறோம். ஒட்டகமும் பாலைவனத்து ஆடுகளும் பல நாள் தண்ணீர் குடிக்காமல் இருக்கின்றனவாமே, நம் ஆடுகளையும் இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் காட்டிப் பழக்கலாமா? மாசியில் பழம் முடிந்தது. பங்குனி பிறந்ததும் இலந்தை இலையெல்லாம் கொட்டி மொட்டையாக நிற்கிறது. பட்டுப்போய்விட்டதா? தண்ணீர் விடவேண்டுமா? வேலியில் இருக்கும் சப்பாத்திக்கள்ளியை ஆடுகளுக்குப் போடலாமா?

பதில்: வணக்கம் தம்பி. விலைக்கு வாங்கும் தண்ணீர் என்பதால் முதலில் அது எங்கே போகவேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். முழுவதும் ஆட்டுக்குப் போகட்டும். இலந்தைக்கு இப்போது ஒரு குடம்கூட வேண்டாம்.

ஒட்டகத்தின் திமிலில் இருப்பது கொழுப்பு; தண்ணீர் அங்கே இல்லை. அது பிழைப்பது செலவைச் சுருக்கித்தான். தண்ணீர் கிடைக்காத நாட்களில் விடியலில் 34 டிகிரி செல்சியஸ் இருக்கும் அதன் உடல் சூடு, பகலில் 40 வரை ஏறும். ஏறட்டும் என்று விட்டுவிடும், வியர்த்துக் குளிர்வதில்லை. உடல் எடையில் கால் பங்கு அளவுக்குத் தண்ணீரை இழந்தாலும் தாங்கும். அப்புறம் ஒரே மூச்சில் நூறு லிட்டர் குடிக்கும். அவ்வளவு தண்ணீரும் ரத்தத்தில் சேரும்போது, அதன் நீள்வட்ட ரத்த அணுக்கள் இரண்டு மடங்குக்கு மேல் உப்பினாலும் வெடிப்பதில்லை.

நம் ஆட்டுக்கு அந்த அணு கிடையாது. ஒரு கோடையில் நான் பார்த்த கிடையில், நாள் முழுக்கத் தாகத்தோடு நின்ற குட்டிகளைச் சாயங்காலம் தொட்டியில் மொத்தமாக விட்டுவிட்டார்கள். வயிறு முட்டக் குடித்தன. கொஞ்ச நேரத்தில் இரண்டு குட்டிகளுக்கு மூத்திரம் கடுங்காப்பி நிறத்தில் போனது. ரத்த அணுக்கள் வெடித்து, அந்தச் சிவப்பு மூத்திரத்தில் இறங்கியதுதான் காரணம். ஒன்று பிழைத்தது. அந்தக் கிடையை நினைத்துத்தான் உங்கள் முதல் கேள்விக்கு 'வேண்டவே வேண்டாம்' என்கிறேன்.

நீங்கள் கேள்விப்பட்டது பொய் இல்லை. நெகேவ், சினாய் பாலைவனங்களில் அரபு நாடோடிகளான பெதுயின் மக்கள் வளர்க்கும் கறுப்பு ஆடு இரண்டு முதல் நான்கு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் குடிக்கும். குடித்ததை முதல் வயிற்றில் தேக்கி, ரத்தத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். ஆனால் அது தலைமுறை தலைமுறையாக வந்த உடம்பு. கன்னி ஆடும் வறட்சி தாங்கும்தான், அதற்காக இரண்டு நாள் காயப்போட்டால் முதலில் தீனி குறையும், அடுத்து பால் குறையும், சினை ஆட்டுக்கு வயிற்றில் இருப்பதும் மெலியும். கோடையில் வளர்ந்த ஆட்டுக்கு நாளைக்கு 4 முதல் 5 லிட்டர் வையுங்கள், பால் கொடுக்கும் ஆட்டுக்கு இன்னும் கூட. காலையும் மாலையும் இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். தாகத்தோடு வந்த குட்டிக்கு முதலில் அரைச் செம்பு, கால் மணி நேரம் கழித்து மறுபடி.

பாலைவனத்திலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. அங்கே எலியும் நரியும் பகலில் வளைக்குள் கிடந்து இரவில்தான் இரை தேடும். நீங்களும் விடிந்ததும் ஓட்டிப் போய் பத்து மணிக்குள் வேப்பமர நிழலுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். மறுபடி நாலு மணிக்கு மேல் அவிழ்க்கலாம். வெயிலில் நிற்காத ஆடு குறைவாக மூச்சிரைக்கும், அந்த அளவுக்குத் தண்ணீர் மிச்சம். கழுத்துத் தோலை இரண்டு விரலால் கிள்ளி விட்டுப் பாருங்கள். சட்டென்று படிந்தால் நல்லது. கூடாரம் மாதிரி நின்று மெதுவாக இறங்கினால் உடம்பில் நீர் வற்றியிருக்கிறது.

இலந்தைக்கு வருவோம். அது பட்டுப்போகவில்லை, தூங்குகிறது. வேர் உறிஞ்சும் நீரில் 95 விழுக்காட்டுக்கு மேல் இலை வழியாகத்தான் ஆவியாகிப் போகும். அந்த வாசலை மூடத்தான் மரம் இலையைக் கொட்டுகிறது. சந்தேகம் இருந்தால் கிளையின் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரியும். இப்போது தண்ணீர் விட்டால் தளிர் கிளம்பும், அக்னி நட்சத்திரத்தில் அந்தத் தளிரைக் காப்பாற்ற மறுபடி வண்டித் தண்ணீர் தேடுவீர்கள். மொட்டையாக நிற்கும் இந்த நாட்கள்தான் கவாத்துக்கு ஏற்றவை. இந்த வாரமே செய்துவிடுங்கள். இலந்தை புதிதாக விடும் கிளையில்தான் காய்க்கும், அதனால் போன வருஷத்துக் கிளையைப் பாதிக்கு மேல் துணிந்து வெட்டலாம். வெட்டுவாயில் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பசை) தடவுங்கள். மழைக்கு முன் ஒவ்வொரு மரத்தையும் சுற்றி, சரிவிலிருந்து ஓடிவரும் நீர் தூரில் வந்து நிற்கும்படி பிறைவடிவில் வரப்பு போட்டுவையுங்கள்.

சப்பாத்திக்கள்ளியைத் தாராளமாகக் கொடுக்கலாம். பத்துக் கிலோ மட்டையில் எட்டரைக் கிலோவுக்கு மேல் தண்ணீர்தான், ஆட்டின் தாகத்தில் ஒரு பங்கை அதுவே தீர்க்கும். இந்தச் செடி பகலில் தன் துளைகளை மூடிக்கொண்டு இரவில்தான் காற்றை உள்ளே வாங்கும், வாங்கியதைப் புளிப்பாக மாற்றிச் சேர்த்துவைக்கும். நம் வீட்டு ரணகள்ளியும் அப்படித்தான். அதன் இலை காலையில் புளிப்பதையும் மதியம் சப்பென்று ஆகிவிடுவதையும் மதராஸ் கும்பினியில் வேலை பார்த்த பெஞ்சமின் ஹெய்ன் மென்று பார்த்து எழுதியது 1815-இல் அச்சாகியிருக்கிறது. எனவே மட்டையை மதியத்துக்கு மேல் வெட்டுங்கள், புளிப்பு குறைந்திருக்கும்.

பனையோலை மூட்டி முள்ளையும், முள்ளின் அடியில் இருக்கும் பூஞ்சுணையையும் நன்றாகக் கருக்குங்கள். சுணை மிஞ்சினால் ஆட்டின் வாய் புண்ணாகும். துண்டு போட்டு, முதல் வாரம் ஆட்டுக்கு அரைக் கிலோ மட்டும், எப்போதும் சோளத்தட்டையோடும் கடலைக்கொடியோடும் கலந்து கொடுங்கள். தனியாகக் கொடுத்தால் கழியும், சத்தும் போதாது. ஒன்று மட்டும் கவனம்: கொம்புக்கள்ளி, திருகுகள்ளி எல்லாம் இதே வேலியில் நிற்கும். வெட்டினால் பால் வடிகிற எந்தக் கள்ளியையும் ஆட்டுப்பக்கம் கொண்டுவராதீர்கள்.