அறிவியலில் எந்தத் துறைக்கு எவ்வளவு ஆராய்ச்சி நிதி என்று அரசாங்கங்கள் எப்படி முடிவு செய்கின்றன?

கேள்வியைப் பார்த்தால் உங்களுக்கும் நிராகரிப்புக் கடிதம் வந்திருக்கும் போலிருக்கிறது. எனக்கு இரண்டு வந்தன.

இயற்பியலுக்கு இவ்வளவு, தாவரவியலுக்கு இவ்வளவு என்று யாரோ உட்கார்ந்து பங்கு பிரிப்பதாகத்தான் நானும் நினைத்திருந்தேன். பெரும்பாலான நாடுகளில் அப்படி ஒரு மேசையே கிடையாது. பாதுகாப்பு, சுகாதாரம், வேளாண்மை, விண்வெளி என்று ஒவ்வொரு அமைச்சகமும் தனக்கு வேண்டியதைக் கேட்கும், நிதித்துறை போன வருடத் தொகையில் கொஞ்சம் கூட்டிக் குறைக்கும், கடைசியில் கூட்டிப் பார்த்தால் வருவதற்குப் பெயர்தான் முன்னுரிமை. நிபுணர் குழு அதற்கப்புறம்தான் வரும், அதுவும் ஒரு துறைக்குள் யாருக்கு என்று பார்க்க. ஒரு துறையின் மதிப்பை அந்தத் துறைக்காரர்களை மட்டும் வைத்து அளக்க முடியாது, பக்கத்துத் துறைகளுக்கும் சமூகத்துக்கும் அது என்ன தருகிறது என்று பார்க்க வேண்டும் என அமெரிக்க இயற்பியலாளர் ஆல்வின் வைன்பர்க் 1963-லேயே எழுதிவிட்டார்.

நான் லைக்கன் ஆள். பூஞ்சையும் பாசியும் சேர்ந்து, பாறையிலும் மரப்பட்டையிலும் படர்ந்திருக்குமே, அது. ஒரு சொட்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு, மஞ்சளாகிறதா சிவப்பாகிறதா என்று பார்த்து இனம் பிரிக்கிற வேலை. விண்ணப்பத்தில் 'முன்னுரிமைத் துறை' என்று ஒரு பட்டியல் விரியும். அதில் வகைப்பாட்டியலே, அதாவது இந்த இனம் பிரிக்கிற வேலையே, இல்லை. இரண்டு தடவை 'மற்றவை' என்று போட்டேன், இரண்டு தடவையும் 'முன்னுரிமையோடு பொருந்தவில்லை' என்று ஒற்றை வரி. மூன்றாவது தடவை, காற்று மாசை லைக்கன் வைத்து அளப்பது என்று தலைப்பை மாற்றினேன். கிடைத்துவிட்டது.

ஏமாற்று வேலை என்று சண்டைக்கு வருகிறவர்களுக்கு: கந்தக டை ஆக்சைடு கூடினால் பல லைக்கன்கள் சாகும், அது உண்மை. ஆனால் எது எந்த இனம் என்று தெரியாமல் அதை எப்படி அளப்பீர்கள்? பழைய வேலைதான், பெயர்தான் வேறு.

பெரிய கருவிகளை நிறுத்திவிட்டு எங்களுக்குக் கொடுங்கள் என்றும் நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் 1993-ல், சுமார் 200 கோடி டாலர் செலவழித்துச் சுரங்கமும் தோண்டிய பிறகு, அணுத் துகள்களை மோதவிட்டுப் பார்க்கிற ராட்சதத் துகள் முடுக்கியை நாடாளுமன்றம் நிறுத்தியது. மிச்சமான பணம் சின்ன ஆய்வுகளைத் தேடி வந்துவிடவில்லை.

சரி, நிதி கிடைத்ததே என்கிறீர்களா? உத்தரவு வந்தது, பணம் வரவில்லை. ஏழு மாதம் உதவித்தொகை இல்லாமல், மாதிரிகளை வைக்கும் காகித உறையைக்கூட என் மாணவி கைக்காசில் வாங்கினாள். அதற்கு எந்தப் பட்டியலில் எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.